‘எங்க வம்சமே இப்படித்தானுங்க’: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு குடும்பத்தின் எடைக் கணக்கு

13 வயதுச் சிறுமி. எட்டாம் வகுப்பு. வயசுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்று அம்மாவும் அப்பத்தாவும் கூட்டி வந்தார்கள். எடையைப் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை. எடை மெஷினில் ஏறச் சொன்னதும்தான் அப்பத்தா குறுக்கே வந்தார். “அதையெல்லாம் பாக்காதீங்க டாக்டரம்மா. எங்க வம்சமே இப்படித்தானுங்க. தண்ணி குடிச்சாலே ஒடம்பு வெச்சுப் போகும்.”

உயரம் 158 செ.மீ., எடை 71 கிலோ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 28.4. இடுப்புச் சுற்றளவு 92 செ.மீ. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015ல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், உடல் பருமன் என்று போட்டிருக்கும் கோட்டுக்கு நன்றாக மேலே நிற்கிறாள். கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கறுத்துத் தடித்திருந்தன. வீட்டில் அதை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்திருக்கிறார்கள். தேய்த்த இடம் சிவந்து புண்ணாகியிருந்தது. அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் இருந்தும் சரியாக வேலை செய்யாதபோது தோலில் தெரியும் அடையாளம் அது.

இந்தக் குடும்பத்தைப் பற்றி விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. எடை ஒரு குடும்பத்துக்குள் எப்படி இறங்கி வருகிறது என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்கள் நாடு நாடாகத் தேடியலைந்த சங்கதிகள் அத்தனையும் இங்கே ஒரே தோட்டத்து வீட்டில் கிடந்தன. தத்துக் கொடுக்கப்பட்ட ஒரு பிள்ளை, ரத்த சம்பந்தமே இல்லாமல் வந்த ஒரு மருமகள், மாமன் மகனைக் கட்டிய ஒரு பெண், ஒரே வயிற்றில் பிறந்தும் வேறு வேறு சூழலில் கருவில் வளர்ந்த இரண்டு குழந்தைகள். குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் ஊர். பாலக்காடு மாவட்டத்தில் சிற்றூருக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பகுதி. வீட்டில் கொங்குத் தமிழ், ஆபீசில் மலையாளம். கேரளம் என்றதும் கண்ணுக்கு வரும் மழையும் பச்சையும் இங்கே குறைவு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மழை மறைவுப் பிரதேசம். ஒரு காலத்தில் கம்பும் சோளமும் நிலக்கடலையும் பருத்தியும் போட்ட மேட்டுக்காடு. இப்போது பார்க்கும் இடமெல்லாம் தென்னை. சிற்றூர்ப் பக்கத்துத் தென்னங்கள்ளு கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு வண்டி ஏறிப் போகிறது.

பரம்பரைப் படம்

உடல் பருமனோடு வரும் குழந்தைக்கு முதலில் கேட்க வேண்டியது என்ன சாப்பிடுகிறாய் என்பதல்ல. எப்போது எடை ஏற ஆரம்பித்தது, உயரம் எப்படி இருக்கிறது, இந்த இரண்டும்தான். தைராய்டு குறைவு, கார்டிசோல் மிகுதி மாதிரி ஹார்மோன் கோளாறில் குழந்தை பருக்கும், ஆனால் உயரம் தேங்கிவிடும். இவள் வகுப்பில் உயரமானவர்களில் ஒருத்தி. ஐந்து வயதுக்குள்ளேயே கட்டுக்கடங்காத பசியோடு எடை ஏறியிருந்தால் ஒற்றை மரபணுக் கோளாறை நினைக்க வேண்டும். அங்கன்வாடி அட்டையைத் தேடி எடுத்து வரச் சொன்னேன். ஐந்து வயது வரை எடை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அட்டையில் போட்ட கோட்டுக்குள்ளேயே இருந்தது. ஏழு வயதுக்குப் பிறகுதான் கோடு மேலே கிளம்பியிருக்கிறது.

அதற்கப்புறம் ஒரு வெள்ளைத் தாளில் குடும்பத்தை வரைந்தோம். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். அப்பத்தா இல்லாமல் அந்தப் படம் முடிந்திருக்காது. யார் யாருக்கு எந்த வயதில் உடம்பு வைத்தது, யார் கல்யாணத்தில் எந்தச் சேலை கட்டினார்கள், எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறார்.

அப்பா 45 வயது, 168 செ.மீ., 88 கிலோ. 38 வயதிலிருந்து சர்க்கரை. அம்மா 40 வயது, 154 செ.மீ., 78 கிலோ. இருவரும் சொந்தம். அம்மா என்பவர் அப்பாவுக்கு அத்தை மகள். அதாவது தாத்தாவும் அம்முச்சியும் (அம்மாவைப் பெற்றவர்) உடன்பிறந்தவர்கள். அப்பாவின் அண்ணன் 83 கிலோ. அண்ணன் மனைவி, சிறுமிக்குப் பெரியம்மா, ஆலத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். இந்த வீட்டோடு எந்த ரத்த உறவும் கிடையாது. கல்யாணத்தின்போது 46 கிலோ, இப்போது 69. இரண்டு குடும்பமும் ஒரே வாசல், ஒரே சமையல்.

கடைசியாகத்தான் அப்பத்தா தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னார். அப்பாவுக்கு ஒரு தம்பி உண்டு. ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது, தாத்தாவின் சிநேகிதர் ஒருவருக்குக் குழந்தையில்லை என்று கொடுத்துவிட்டார்கள். உடுமலைப் பக்கத்தில் வளர்ந்தார். கொடுத்த இடம் சொந்தக்காரர்கள் அல்ல. வளர்த்த அப்பா அம்மா இருவரும் கடைசி வரை ஒல்லி. அவர்களுக்குப் பின்னால் ஒரு பெண் பிறந்து, அதே வீட்டில் அதே சோற்றைத் தின்று வளர்ந்து, இரண்டு பிள்ளை பெற்றும் ஒல்லியாகவே இருக்கிறார். தத்துப் போன சித்தப்பா? 42 வயது, 167 செ.மீ., 84 கிலோ. தொப்பை விழுந்திருக்கும் விதம்கூட அண்ணன்மார்களைப் போலவே, மேல் வயிறு தூக்கலாக, கால்கள் மெலிந்து.

“பாத்தீங்ளா, எங்க ரத்தம் எங்க போனாலும் காட்டிக் கொடுத்துருமுங்க” என்றார் அப்பத்தா. கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

அப்பத்தா சொன்னது எவ்வளவு சரி

நிறையவே சரி. 1986ல் ஆல்பர்ட் ஸ்டன்கார்டும் சகாக்களும் டென்மார்க்கில் தத்துப் போய் வளர்ந்த 540 பேரை ஆராய்ந்தார்கள். தத்துப் பிள்ளைகளின் உடல்வாகு பெற்றவர்களோடுதான் ஒத்துப் போனது. வளர்த்தவர்களோடு சம்பந்தமே தெரியவில்லை. 1990ல் அதே ஸ்டன்கார்ட் சுவீடனில் தனித்தனி வீடுகளில் வளர்ந்த 93 ஜோடி ஒற்றைக்கரு இரட்டையர்களைப் பார்த்தார். அவர்களின் பி.எம்.ஐ. ஒத்துப்போகும் அளவு ஆண்களில் 0.70, பெண்களில் 0.66. ஒன்று என்றால் முழு ஒற்றுமை, பூஜ்யம் என்றால் ஒட்டே இல்லை. ஒரே வீட்டில் வளர்ந்த இரட்டையர்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் கிடையாது. இந்த மாதிரி ஆய்வுகளிலிருந்துதான், ஆளுக்கு ஆள் எடையில் இருக்கும் வேறுபாட்டில் 40 முதல் 70 சதவீதம் வரை மரபணுக்களால் வருகிறது என்கிறார்கள்.

தண்ணி குடித்தாலே உடம்பு வைக்கும் என்பது? தண்ணீரில் கலோரி இல்லை. பருமனான உடம்பு சும்மா இருக்கும்போதும் ஒல்லியான உடம்பை விட அதிகமாகத்தான் எரிக்கிறது. ஆனாலும் அந்தப் பேச்சுக்குள் ஒரு உண்மை இருக்கிறது. 1990ல் கனடாவின் கியூபெக்கில் கிளாட் பூஷார் 12 ஜோடி ஒற்றைக்கரு இரட்டை இளைஞர்களைத் தங்க வைத்து, 100 நாளில் 84 நாள், தேவைக்கு மேல் தினமும் 1,000 கலோரி கூடுதலாகச் சாப்பிட வைத்தார். எல்லாருக்கும் ஒரே அளவு கூடுதல். சராசரியாக 8.1 கிலோ ஏறியது. குறைவாக ஏறியவருக்கு 4.3 கிலோ, அதிகம் ஏறியவருக்கு 13.3 கிலோ. இரட்டையரில் ஒருவருக்கு அதிகம் ஏறினால் மற்றவருக்கும் அதிகம் ஏறியது. தொப்பையில் கொழுப்பு சேரும் அளவும் ஜோடிக்குள் ஒத்துப் போனது. ஒரே இலையில் ஒரே சாப்பாடு போட்டாலும் ஒருவருக்கு ஒட்டுவதும் இன்னொருவருக்கு ஒட்டாததும் கற்பனை இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை இவளை விட அதிகம் தின்கிறது, ஆனால் ஈர்க்குச்சியாக இருக்கிறது என்று அம்மா சொன்னதை நான் நம்பினேன்.

இங்கேதான் வம்சப் பேச்சு வழுக்குகிறது. படத்தில் மேல் வரிசையைப் பாருங்கள்.

அப்பத்தா 1970ல் பொள்ளாச்சியில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த கல்யாணப் போட்டோவைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். பதினெட்டு வயதுப் பெண், தோள்பட்டை எலும்பு தெரிகிறது. பக்கத்தில் தாத்தா, கன்னம் ஒட்டிப் போய். தாத்தாவின் தங்கை, பின்னால் அம்முச்சியானவர், பின்வரிசையில் நிற்கிறார், அவரும் ஒல்லி. போட்டோவில் பதினொரு பேர். ஒருவர்கூடக் குண்டு இல்லை. வம்சமே இப்படித்தான் என்றால், அந்த வம்சம் அந்தப் போட்டோவில் எங்கே போயிற்று? அப்பத்தாவிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, “அப்பத் திங்கறதுக்கு என்ன இருந்துச்சு?” என்றார்.

1960களின் நடுவில் கேரளத்தில் அரிசித் தட்டுப்பாடு வந்த காலத்தை அவர் பார்த்திருக்கிறார். மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டுவரத் தடை இருந்ததால், எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் பக்கம் பெண்கள் மடியில் கட்டி ரெண்டு படி மூன்று படி கடத்துவார்களாம். வீட்டில் அரிசிச் சோறு நோம்பிக்கும் விருந்தாளிக்கும்தான். மற்றபடி கம்பங்கூழ், சோளச் சோறு, ராகிக் களி. தாத்தா கவலை (மாடு இழுக்கும் ஏற்றம்) ஓட்டிக் கிணற்று நீர் இறைத்தவர். விடியற்காலை மாட்டைப் பூட்டினால் வெயில் ஏறும் வரை. பிறகு கரண்டு மோட்டார் வந்தது, கால்வாய்த் தண்ணீர் வந்தது, கம்பு போய்த் தென்னை வந்தது. தேங்காய் பறிக்கவும் உரிக்கவும் ஆள் வந்தது. அப்பாவுக்கு இப்போது தோட்டத்து வேலை என்றால் பைக்கில் போய்ச் சுவிட்சைப் போட்டுவிட்டு வருவது.

அதே மரபணுக்கள்தான். தாத்தாவிடம் இருந்ததுதான் அப்பாவிடமும் இருக்கிறது. இரண்டு தலைமுறைக்குள் ஒரு ஊரின் மரபணுக்கள் மாறாது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்வதும் அதைத்தான். பி.எம்.ஐ. 25க்கு மேல் உள்ள பெண்கள் கேரளத்தில் 2015–16ல் 32.4 சதவீதம், 2019–21ல் 38.1. தமிழ்நாட்டில் 30.9 சதவீதத்திலிருந்து 40.4. ஐந்து வருடத்தில் எந்த வம்சமும் மாறிவிடவில்லை.

அப்படியானால் 40 முதல் 70 சதவீதம் மரபணு என்ற கணக்கு பொய்யா? இல்லை. அந்தக் கணக்கு ஆட்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தைப் பற்றியது. அப்பாவிடம் இதை விளக்க அவர் தோட்டத்தையே எடுத்துக்கொண்டேன். அங்கே நெட்டைத் தென்னையும் இருக்கிறது, குட்டை ரகமும் இருக்கிறது. ஒரே மண், ஒரே தண்ணீர். மரத்துக்கு மரம் காய்ப்பு ஏன் வேறுபடுகிறது என்றால் பெரும்பகுதி ரகம்தான் காரணம். ஆனால் கால்வாயில் தண்ணீர் விடாத வருடம் எல்லா மரமும் காய் குறைந்து போகிறது, விட்ட வருடம் எல்லா மரமும் கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்துக்கு ரகம் பொறுப்பில்லை. “செரி, அப்ப யாரு பெருசுங்கறது ரத்தம், எல்லாரும் பெருசாப் போனது தண்ணி” என்றார் அவர். நான் அரை மணி நேரம் சொன்னதை விட அது சுருக்கமாக இருந்தது.

பெரியம்மாவின் கதை இந்த இரண்டாவது பாதிக்குச் சாட்சி. இந்த வீட்டு ரத்தம் ஒரு துளி இல்லை. வந்த பிறகு 23 கிலோ ஏறியிருக்கிறது. அவர் பிறந்த வீட்டில் அக்கா தங்கைகள் யாரும் அவ்வளவு இல்லை என்கிறார். அதே நேரம் அதே சமையலில் அவரை விட ஓர்ப்படி, அதாவது சிறுமியின் அம்மா, இன்னும் கூடுதலாக ஏறியிருக்கிறார்.

எது இறங்கி வருகிறது

குடும்பத்தில் எடை இறங்கி வரவில்லை. வேறு சில இறங்கி வருகின்றன. அதில் முதன்மையானது பசி. எடையோடு தொடர்புள்ளதாகக் கண்டுபிடிக்கப்பட்ட மரபணு இடங்களில் பெரும்பகுதி மூளையில், அதுவும் பசியையும் நிறைவையும் கவனிக்கும் பகுதிகளில் வேலை செய்பவை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007ல் பிறந்த இரட்டைக் குழந்தைகளைச் சுமார் 2,400 குடும்பங்களில் தொடர்ந்து கவனித்து வரும் ஜெமினி ஆய்வில், பால்குடி மாதங்களிலேயே எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது, வயிறு நிறைந்ததும் நிறுத்துகிறதா என்பதெல்லாம் பெருமளவு பிறவிக் குணமாக இருப்பதைப் பார்த்தார்கள்.

நான் இதை நேரிலேயே பார்த்தேன். ஒருநாள் மதியம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது சாப்பிட உட்கார வைத்துவிட்டார்கள். மட்டை அரிசிச் சோறு, தேங்காய் அரைத்த புளிக்குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல், அப்பளம். நான் குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கையில் அப்பா மோருக்கு வந்துவிட்டார். சிறுமி அவருக்கு அரைக் கவளம் பின்னால். பெரியம்மா பேசிக்கொண்டே மெதுவாக. அப்பாவும் மகளும் தட்டை வழிப்பதுகூட ஒரே மாதிரி, சுண்டுவிரல் பக்கத்தால். யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேரச் சற்று நேரம் பிடிக்கும். இந்த வேகத்தில் சாப்பிடுபவர் அதற்குள் இரண்டாம் சோறு முடித்திருப்பார்.

பசி கூடிய பிள்ளையைப் பெருந்தீனி என்று சொல்வது எனக்கு என்றுமே பிடிப்பதில்லை. காலையில் பள்ளி வேனுக்கு நிற்கும் இடத்தில் ஒரு பேக்கரி, சாயங்காலம் இறங்கும் இடத்தில் இன்னொன்று. கண்ணாடிப் பெட்டிக்குள் பப்ஸ், பழம்பொரி, கிரீம் பன். பசி குறைந்த பிள்ளை அதைப் பார்த்துவிட்டுப் போகும். பசி கூடிய பிள்ளை பார்த்துவிட்டுப் போக எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும்.

அம்மா வழி வருவதெல்லாம் மரபணு என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இவளுக்கு 19 வயதில் ஒரு அண்ணன். 172 செ.மீ., 70 கிலோ. இந்தியர்களுக்கு 23க்கு மேலே கூடுதல் எடை என்ற அளவுகோலில் அவனும் கோட்டைத் தாண்டிவிட்டான், ஆனால் தங்கைக்கும் அவனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அவனைச் சுமந்தபோது அம்மா 55 கிலோ, சர்க்கரை இல்லை. பெண் வயிற்றில் இருந்தபோது 68 கிலோ, ஆறாம் மாதம் கர்ப்பகாலச் சர்க்கரை வந்து இன்சுலின் போட்டார்கள். குழந்தை பிறக்கும்போதே 3.9 கிலோ. அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா பழங்குடியினரிடம் உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டு நடத்திய ஆய்வு இதற்கு நேரான உதாரணம். அம்மாவுக்குச் சர்க்கரை வருவதற்கு முன் பிறந்த பிள்ளையை விட, வந்தபின் பிறந்த பிள்ளைக்கு எடையும் சர்க்கரை நோயும் கூடுதல். அப்பா அம்மா அதேதான், வீடும் அதேதான். கருவறையில் ஓடிய ரத்தத்தின் இனிப்பு மட்டும் வேறு.

அப்பாவுக்கு இதற்கு நேர் எதிரான கதை. வீட்டுப் பிரசவம், எடை பார்க்கவில்லை, “எலிக்குஞ்சு மாதிரி இருந்தான்” என்றார் அப்பத்தா. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் 1993ல் தொடங்கிய தாய்மார் ஊட்டச்சத்து ஆய்வு இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றியது. நம் நாட்டுக் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும், தசை குறைந்து கொழுப்பு அவ்வளவாகக் குறையாமல் பிறக்கிறார்கள். பெரியவர்களானதும் இது எப்படித் தெரியும் என்பதற்கு யாக்னிக் தன்னையே ஆதாரமாக வைத்தார். அவருக்கும் லண்டனைச் சேர்ந்த நண்பர் ஜான் யட்கினுக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. 2004ல் லான்செட் இதழ் இருவர் படத்தையும் போட்டது. தாத்தாவின் கல்யாணப் போட்டோவில் கை கால் மெலிந்திருப்பதை மட்டும் பார்த்து எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. அவர் 58 வயதில் மாரடைப்பில் போனவர்.

டி.என்.ஏ. பரிசோதனை செய்யலாமா

அப்பா கேட்டார். கோயம்புத்தூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் எச்சிலைக் கொடுத்தால் எந்தச் சாப்பாடு ஒத்துவரும் என்று ஜாதகம் மாதிரி அச்சடித்துக் கொடுப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்றேன். சாதாரணப் பருமனோடு தொடர்புள்ளதாக முதலில் உறுதியான மரபணு எஃப்.டி.ஓ., 2007ல். அதன் எடை கூட்டும் வடிவம் இரண்டு பிரதியும் இருப்பவர், ஒன்றும் இல்லாதவரை விடச் சராசரியாக 3 கிலோதான் கூடுதல். அதுவே பெரிய மரபணு. 2018ல் சுமார் 7 லட்சம் பேரைச் சேர்த்துப் பார்த்ததில் 900க்கும் மேற்பட்ட இடங்கள் கிடைத்தன. எல்லாம் சேர்ந்து ஆட்களுக்கு நடுவிலுள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய 6 சதவீதத்தைத்தான் விளக்கின. ஒரு பரம்பரைப் படமும் ஒரு டேப்பும் அதை விட அதிகம் சொல்லும், காசும் மிச்சம்.

ஆனால் சொந்தத்தில் கல்யாணம் என்பதால் ஒன்றை உறுதி செய்ய வேண்டியிருந்தது. அத்தை மகள், மாமன் மகன் கட்டிக்கொண்டால், ஒரே மூதாதையின் ஒரே மரபணுவின் இரண்டு பிரதிகள் பிள்ளைக்கு வந்து சேர ஒவ்வொரு இடத்திலும் 16ல் 1 வாய்ப்பு. லெப்டின் என்ற ஹார்மோனை 1994ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு கண்டுபிடித்தது. கொழுப்புத் திசு மூளைக்கு இருப்பு போதும் என்று சொல்லி அனுப்பும் செய்தி அது. 1997ல் இங்கிலாந்தில், சொந்தத்தில் மணம் செய்த ஒரு குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளுக்கு லெப்டின் அறவே இல்லை என்று தெரிந்தது. சதாஃப் ஃபரூக்கியும் ஸ்டீபன் ஓரஹில்லியும் அதில் ஒரு பிள்ளைக்கு ஊசியாகக் கொடுத்தார்கள். ஒன்பது வயதில் 94 கிலோ இருந்த அந்தப் பெண் ஒரு வருடத்தில் 16 கிலோ குறைந்தாள். அப்படிப்பட்ட பிள்ளைகள் பிறந்த சில மாதத்திலேயே எடை ஏறி, குப்பைத்தொட்டியில் கிடப்பதையும் தேடித் தின்னும் அளவு பசியோடு இருப்பார்கள். பசியைக் கட்டுப்படுத்தும் எம்.சி.4.ஆர். என்ற மரபணுவில் வரும் கோளாறும் சின்ன வயதிலேயே தொடங்கும். இவளுடைய அங்கன்வாடி அட்டை அந்தக் கதவை அடைத்துவிட்டது. அட்டை வேறு மாதிரி இருந்திருந்தால் நானே திருவனந்தபுரத்துக்கோ கோவைக்கோ மரபியல் மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன்.

மற்ற பரிசோதனைகள்: தைராய்டு சரி. வெறும் வயிற்றுச் சர்க்கரை 98, மூன்று மாதச் சராசரி 5.8 சதவீதம், அதாவது சர்க்கரை நோயின் வாசற்படி. ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 190. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு.

என்ன செய்தோம்

பிள்ளைக்குத் தனிச் சமையல் கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். மற்றவர்கள் சாப்பிடும்போது ஒரு பிள்ளைக்கு மட்டும் ஓட்ஸ் கஞ்சி கொடுத்தால், அது தண்டனை. கூட்டுச் சமையலே மாறியது. இதற்கு ஒத்துக்கொள்ள வைத்தது நான் இல்லை, பெரியம்மா. “அவளுக்கு மட்டும் எதுக்கு? நானுந்தான வந்து இப்படி ஆனேன்” என்றார். ராத்திரிச் சோறு ராகிக் களிக்கும் கம்பு தோசைக்கும் மாறியது. அப்பத்தா கைப்பக்குவம் முப்பது வருடம் கழித்துத் திரும்ப வேலைக்கு வந்தது. களியும் தின்றால் ஏறும், அளவு வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. தட்டில் முதலில் காயும் பருப்பும், அப்புறம் சோறு. இரண்டாம் சோற்றுக்கு முன்னால் பத்து நிமிடம். சாயங்காலம் பேக்கரிக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கித் தோட்டம் வழியாக நடந்து வருவது. இதை அவளே கண்டுபிடித்தாள்.

எடை குறைக்க வேண்டும் என்று இலக்கு வைக்கவில்லை. வளரும் பிள்ளை, எடை நின்றால் போதும், உயரம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கழுத்தைத் தேய்ப்பதை அன்றே நிறுத்தச் சொன்னேன். “தடிச்சி” என்று வீட்டில் யாரும் கூப்பிடக் கூடாது என்றதற்குத்தான் அதிகம் எதிர்ப்பு. செல்லமாகத்தானே சொல்கிறோம் என்றார்கள். பள்ளியிலும் அதையே சொல்கிறார்கள் என்று அவள் முதல் தடவையாக வாய் திறந்தாள். அதோடு நின்றது.

2025ல் இந்தியாவுக்கு வந்த எடை குறைப்பு ஊசிகளைப் பற்றியும் அப்பா கேட்டார். அவை முக்கியமாகப் பசியைத்தான் அடக்குகின்றன, அதனால்தான் வேலை செய்கின்றன. அவருக்குச் சர்க்கரையும் இருப்பதால் சர்க்கரை மருத்துவரிடம் அனுப்பினேன். மகளுக்கு இப்போது தேவையில்லை என்று முடிவு செய்தோம்.

ஒரு வருடம் கழித்து: உயரம் 161, எடை 69.5, பி.எம்.ஐ. 26.8. இடுப்பு 87. மூன்று மாதச் சராசரி 5.5. கழுத்துக் கறுப்பு பாதி வெளுத்திருக்கிறது. மாதவிலக்கு 35, 40 நாளுக்கு ஒருமுறை வருகிறது. இன்னும் பருமன் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறாள், ஒரு வருடத்தில் அதைத் தாண்டிக் கீழே வருவாள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அப்பா 6 கிலோ குறைந்திருக்கிறார், பெரியம்மா 7. அம்மா எவ்வளவோ முயன்றும் 2 கிலோதான். ஒரே அடுப்பு, ஒரே தட்டு, ஒரே நடை; ஏறும்போது மாதிரியே இறங்கும்போதும் ஆளுக்கு ஆள் வேறு. இதை அம்மாவிடம் விளக்கிச் சொல்லாவிட்டால் அவர் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வார்.

உடுமலைச் சித்தப்பாவுக்கு ஆள் விட்டுச் சொன்னோம். வந்து ரத்தம் கொடுத்தார். சர்க்கரை இருந்தது, அவருக்கே தெரியாமல். அண்ணனுக்கு வந்த வயதை வைத்துப் பார்த்தால் நாலைந்து வருடமாக இருந்திருக்கலாம்.

சிறுமியின் கோப்பில் இரண்டு குறிப்பு எழுதியிருக்கிறேன். வருடம் ஒருமுறை இடுப்பும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். என்றைக்காவது அவள் கர்ப்பமானால், ஆறாம் மாதம் வரை காத்திருக்காமல் முதல் வருகையிலேயே சர்க்கரை பார்க்க வேண்டும். இரண்டாவது குறிப்பைப் படித்துவிட்டு அப்பத்தா, “அதுக்குள்ளயா?” என்றார். அம்மா அந்தப் பக்கத்தைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார்.